பூசாத சுவர்

உறுமியை அணைத்துவிடலாம். இடுப்புப் பெட்டியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் நின்றுவிடும். கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, உலை வைத்த பிறகும் நாகஜோதியின் வலது கை ஓடிக்கொண்டே இருக்கும். அரிசி களைந்தால் பாதி வெளியே சிந்தும். ஊசியில் நூல் கோத்தது எப்போது என்றே மறந்துபோயிற்று. பனிக்காலத்தில் விரல் நுனியெல்லாம் ரத்தம் செத்து, சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்துவிடும். லைன் வீட்டுப் பெண்கள் அதற்கு வெள்ளைவிரல் என்று பேர் வைத்திருந்தார்கள். கம்பெனி டாக்டர் அதற்கு வேறு பேர் சொன்னார். எந்தப் பேருக்கும் மருந்து கிடையாது.

மலையடிவாரம் முழுக்கக் கத்திரியும் தக்காளியும்தான். மற்ற வெள்ளாமைக்கெல்லாம் பெட்டித்தேனீ உண்டு. கம்பெனி கூடத்தில் வளர்த்து, பெட்டியில் அடைத்து, பூப்பிடிக்கிற நேரத்தில் லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு பருவம் உழைத்துவிட்டு மொத்தமாகச் செத்துப்போகும். அது குஞ்சு பொரிக்காத ஈ. அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். பூசணிக்கும் சூரியகாந்திக்கும் அது போதும். கத்திரிப்பூ அதற்கு மசியாது. கத்திரிப்பூவின் மஞ்சள் மூக்குக்குள் மகரந்தம் பவுடர் டப்பாவில் பவுடர் கிடக்கிற மாதிரி அடைந்து கிடக்கும். நுனியில் பொடித் துளை. பிடித்துக் குலுக்கினால்தான் கொட்டும். பெட்டித்தேனீக்குக் குலுக்கத் தெரியாது. முன்னே காட்டிலிருந்து வந்து குலுக்கிக் கொடுத்த ஈ வண்டு அத்தனையும் ஒழிந்துபோய்ப் பல வருசமாகிவிட்டது. ஆகவே பெண்களை வைத்தார்கள்.

இடுப்பில் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் முழ நீளக் குச்சி. குச்சியின் நுனியைப் பூவின் கழுத்தில் வைத்துப் பொத்தானைத் தொட்டால் 'உர்ர்' என்று அதிரும், மஞ்சள் பொடி கொட்டும், அடுத்த பூ. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இதே வேலை. கம்பெனிக்காரன் அந்தக் குச்சிக்கு இங்கிலீசில் ஏதோ பேர் வைத்திருந்தான். கோயில் கொடையில் சாமியாடிக்கு முன்னால் உறுமுகிற மேளத்தை நினைத்துக்கொண்டு, பெண்கள் உறுமி என்றார்கள். அந்தப் பேர்தான் நின்றது.

பூ இத்தனை பெரிய வேலை வாங்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரே ஒரு பூவை மட்டும் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

மாசம் பிறந்தால் தண்ணிப் பரீட்சை. கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, நீட்டின கையில் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல்வரை நடக்க வேண்டும். தம்ளரில் கிழித்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் வேலையிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும், வீடு கம்பெனியுடையது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடிக் காப்பித் தம்ளரத் தூக்கிட்டு நடந்தேன்" என்பாள் பாண்டிச்செல்வி, ஒவ்வொரு பரீட்சைக்கும். "அன்னைக்குக் கொட்டியிருந்தா ஒங்க அண்ணன்கிட்ட இருந்து தப்பிச்சிருப்பேன். இன்னைக்குக் கொட்டினா சோத்துக்கிட்ட இருந்து தப்பிச்சிருவேன்."

பாண்டிச்செல்வி நாகஜோதிக்கு மதினி, அண்ணன் பெண்டாட்டி. அந்த அண்ணன் லாரிக்குப் போனவன் போனவன்தான். அவன் இருந்தாலும் போனாலும் மதினி மதினிதான் என்று இரண்டு பேரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள்.

கார்த்திகை மாசப் பரீட்சையில் நாகஜோதியின் தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இறங்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாசம் இறங்கிவிடும் என்று அவளுக்கும் தெரியும், தம்ளரை வாங்கிப் பார்த்த சூப்பர்வைசருக்கும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் புருசன் மாயக்கண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். பின்சுவரை ஒட்டிப் போட்ட கட்டில். கம்பெனிக்கு மருந்தடித்தே நெஞ்சு கெட்டவன். நாலு எட்டு வைத்தால் இரைக்கும்.

"ஜோதி, செவுத்துக்குள்ள எவளோ உறுமி ஓட்டுறா."

"ஆமா, ஒங்க மாமியா வந்து ஓட்டுறா. பேசாமப் படுங்க."

"அடி, நெசமாத்தான். காதை வச்சுப் பாரு."

வைத்தாள். சுவர் உறுமியது. கைதான் ஓடுகிறது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டுக் காதை மட்டும் வைத்தாள். அப்போதும் உறுமியது.

சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். லைன் வீடெல்லாம் பச்சை மண்கட்டியில் கட்டினது. வருசா வருசம் பொங்கலுக்கு முன்னால் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, கம்பெனி டிரம்மில் கொடுக்கிற வெள்ளையை அடிப்பார்கள். கொசு வராது என்று அந்த வெள்ளையில் ஏதோ கலந்திருக்கும். இரண்டு நாளைக்குக் கண் எரியும். பூசாத வீட்டுக்காரியை ஊரே வாயில் போட்டு மெல்லும். நாகஜோதிக்குப் போன பொங்கலுக்கும் அதற்கு முந்தின பொங்கலுக்கும் கை நிற்கவில்லை. நாலு பேர் பார்க்கிற முன்சுவரை மட்டும் பல்லைக் கடித்துப் பூசிவிட்டு, காட்டைப் பார்த்த பின்சுவரை அப்படியே விட்டிருந்தாள். காடு வந்து குறை சொல்லாது என்ற தைரியம்.

மழையில் பழைய பூச்சு உதிர்ந்து மண் தெரிந்தது. மண்ணில் பென்சில் கனத்துக்குத் துளைகள். எண்ண முடியாது. ஒரு துளையிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. பிறகு முழு உடம்பும் வந்தது. தேனீதான். பெட்டித்தேனீயைவிடக் குண்டு, நெஞ்சில் பழுப்பு மயிர், கறுத்த வயிற்றில் வளையம் வளையமாக நீலக் கோடு. வேட்டிக் கரை மாதிரி மினுங்குகிற நீலம்.

மாயக்கண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து சேர்வதற்குள் மூச்சு விசில் அடித்தது. பார்த்ததும் சிரித்தான்.

"நீலவரி."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான் கொன்ன சாதிடி. மூஞ்சி மறக்குமா?"

காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே முன்பு ஒரு வளையம் இருந்தது. மருந்து வளையம். காட்டு ஈ வந்து பெட்டித்தேனீக்கு நோய் ஒட்டிவிடும் என்று சொல்லி, காட்டோரம் முழுக்க அடிக்கச் சொன்னார்கள். முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு வருசக்கணக்காக அடித்தவர்களில் அவனும் ஒருவன். பட்டுப்போன மரத்தைத் துளைத்துக் குடியிருந்த கருவண்டு, மரப்பொந்தில் மெழுகுக் குழாய் வைத்திருந்த கொசுத்தேனீ, இலையை வட்டமாக நறுக்கிச் சுருட்டிக்கொண்டு போகிற ஈ, மண்ணுக்குள் குடியிருந்தவை, பாறையில் தொங்கினவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வேளை இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, கொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று வளையத்தை நிறுத்தினார்கள்; அடித்தவர்களையும் நிறுத்தினார்கள்.

"மிச்சம் இருந்திருக்கு பாரு" என்றான். அதில் சந்தோசமா எரிச்சலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"கண்டாச் சொல்லணும்னு சட்டம் போட்டிருக்காங்கள்ல?"

"சொல்லு. லைனோட சேத்து மருந்தடிப்பாங்க. எனக்கு இருக்கிற மூச்சுக்கு அதுவும் ஒரு வழிதான்."

அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்லாமல் விட்டாள் என்பதில்லை. கம்பெனியிடம் வாயைத் திறந்து அவளுக்கு எந்த நன்மையும் இதுவரை நடந்ததில்லை.

அவளுக்கு ஒதுக்கின கத்திரிக்காடு லைனுக்கு நேர் பின்னால், வேலியோரம். மறுநாள் விடியலில் பூவின் கழுத்தில் குச்சியை வைக்கப் போனபோது ஒரு நீலவரி முந்திக்கொண்டது. பூவைக் கட்டிப்பிடித்தது. மஞ்சள் மூக்கை வாயால் கவ்வியது. றெக்கை அசையவே இல்லை. உடம்பு மட்டும் ஒரு தரம் உறுமியது. அதே சத்தம். அவள் கையில் இருந்த குச்சியின் அதே சுருதி. பொடி அதன் வயிற்றில் கொட்டியது, பின்காலால் வழித்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விட்டது. கண் சிமிட்டுகிற நேரம்.

கம்பெனி இதைப் பார்த்துத்தான் குச்சி செய்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. ஈயைக் கொன்றுவிட்டு ஈயின் சத்தத்தை மட்டும் எடுத்து, அதை அவள் எலும்புக்குள் விட்டிருக்கிறார்கள்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். செத்த குச்சியைப் பூப்பூவாக நீட்டிக்கொண்டு நடப்பாள், தூரத்திலிருந்து பார்த்தால் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். ஈக்கள் முன்னாலும் பின்னாலும் உறுமிக்கொண்டு போகும். அந்திக்கு வேலியோரப் புல் தண்டுகளில் ஆண் ஈக்கள் வாயாலேயே தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கும், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாத ஆம்பிளைகள் மாதிரி. அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

மார்கழிப் பரீட்சையில் தம்ளர் ஆடவே இல்லை.

காய் பிடித்தது. சாதாரணமாகப் பிடிக்கவில்லை. செடிக்குச் செடி குலை தள்ளி, கிளை தாங்காமல் மண்ணில் படுத்தது. காய் ஒன்றுகூடக் கோணல் இல்லை. வயிறு நிறைந்த காய்கள். சூப்பர்வைசர் மித்திரன் வந்து பார்த்தான். கோயமுத்தூரில் பூச்சிப் படிப்புப் படித்துவிட்டு வந்தவன், முப்பது வயசுகூட இருக்காது. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். அதட்ட மாட்டான். அதட்டாதவனிடம் கொஞ்சம் அதிகமாகவே பயப்பட வேண்டும் என்று பாண்டிச்செல்வி சொல்வாள்.

"ஜோதியக்கா, கையில என்ன மந்திரம் வச்சிருக்கீங்க?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல சார். பழக்கந்தேன்."

அவன் குனிந்து ஒரு பூவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வேலியோரமாக நடந்து போய்விட்டான்.

அடுத்த வாரம், ஆளுக்கு இத்தனை காய் என்கிற கணக்கு ஏறிற்று. ஒருத்தியால் முடிகிறது என்றால் எல்லோராலும் முடியும். நாகஜோதி பிடிக்க வைக்கிற காய் எவ்வளவோ அவ்வளவுதான் இனி ஒவ்வொருத்திக்கும் கணக்கு என்று மைக்கில் அறிவித்தார்கள். காய் குறைந்தால் ஒரு பூவை மூன்று தரம் குலுக்கு, நாலு தரம் குலுக்கு. வெயில் ஏறின பிறகும் நின்று குலுக்கு.

லைனில் அவளோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடம் வரிசைக்கு வந்ததும் மற்றக் குடங்கள் நகர்ந்துகொள்ளும்.

"அவார்டு குடுப்பாங்க ஒனக்கு. கம்பெனி போர்டுல ஒன் மூஞ்சியப் போடுவாங்க" என்றாள் ஒருத்தி.

"எங்க கைய அறுத்து மாலையாக் கோத்தும் போடுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

பாண்டிச்செல்வி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கை கெட்டுக்கொண்டு வந்தது. மதினியின் கத்திரிக்காடு லைனுக்கு அந்தப் பக்கம், காட்டிலிருந்து தூரம். நீலவரி அவ்வளவு தூரம் போகாது. நாகஜோதி பார்த்தாள்: மதினி இடது கையால் சோறு தின்றாள், ஜாக்கெட் ஊக்கு மாட்ட மறுபக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள், கை ஆடுவது தெரியாமல் இருக்க எப்போதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் கையில் மறுபடி உறுமி வரும். கை ஒரு தரம் அடங்கின பிறகு அந்த நடுக்கத்துக்குத் திரும்பிப் போக உடம்பு ஒத்துக்கொள்ளாது. இதில் நியாயம் பேச ஒன்றும் இல்லை. அவள் பயந்தாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார்கள். புதுக் கணக்குக்கு யார் தாங்குவார்கள் என்று பார்க்க. பாண்டிச்செல்வி காப்பித் தம்ளர்க் கதையைச் சொல்லாமல் தம்ளரை வாங்கினாள். பாதித் தூரத்தில் தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடியது. வாசல் போய்ச் சேர்ந்தபோது தம்ளரில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. அதை அங்கேயே குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். பொங்கல் கழித்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் நாகஜோதி சோற்றுச் சட்டியோடு மதினி வீட்டுக்குப் போனாள். போகும்போதே சொல்லிவிடுவது என்றுதான் போனாள். பின்சுவரைச் சொன்னாள், ஈயைச் சொன்னாள், அணைத்துப்போட்ட உறுமியைச் சொன்னாள்.

பாண்டிச்செல்வி முதலில் நம்பவில்லை. நேரே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நீ சும்மா நடந்த."

"மதினி…"

"நீ சும்மா நடந்த. ஒன் பூச்சி செஞ்ச வேலைக்கு நாங்க ஓடுனோம். நான் ஒரு பூவ அஞ்சு தரம் குலுக்குனேன்டி. ஜோதிக்கு முடியுது, எனக்கு ஏன் முடியலன்னு என் கையத்தான் வஞ்சேன். ராத்திரி இந்தக் கைய முதுகுக்கடியில போட்டு அமுக்கிட்டுப் படுத்தேன்."

"எனக்குப் பேரு போயிரும்னு…"

"எனக்குப் போயிருச்சு. இப்ப சொல்ல வந்திட்ட, கறிக்கொழம்பு ஊத்தி."

"கத்திரிக்கா கொழம்புதேன்."

எதற்குச் சொன்னோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் மதினி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை நாகஜோதி ஆபீசுக்குப் போனாள். மித்திரன் மட்டும் இருந்தான். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"சார், அந்தக் கணக்கு என் கையால வந்ததில்ல."

"தெரியும்க்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உறுமி எத்தன தரம் ஓடுதுன்னு அந்தப் பெட்டி இங்க சொல்லிக்கிட்டே இருக்கும். உங்களுது கார்த்திகையோட ஊமையாயிருச்சு. ஆனா காய் கொட்டுது. இதுக்கு ஒரே அர்த்தந்தான். படிச்சவன் எனக்கு அதுகூடவா புரியாது?"

"தெரிஞ்சுமா கணக்க ஏத்துனீங்க?"

"ஏத்துனது மேல இருக்கிற மிசின். நான் நிறுத்தணும்னா காரணம் சொல்லணும். காரணம் சொன்னா மருந்தோட வந்திருவாங்க. பூச்சியக் காப்பாத்தத்தான் வாய மூடிட்டு இருந்தேன்."

பூச்சியைக் காப்பாற்றினான். அவன் முகத்தில் அதற்கான பெருமை இருந்தது. பெண்கள் கையைப் பற்றி அவன் யோசித்த மாதிரியே தெரியவில்லை. அவளும்தான் யோசிக்காமல் இருந்தாள் என்பதால் அவளால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். இப்போது மேலிடத்தில் பேசிவிட்டான். மருந்து வேண்டாம், அந்த ஈ வேண்டும் என்கிறார்கள். ஆனால் அது பெட்டியில் வளராது.

"ராணி கிடையாது, கூட்டம் கிடையாதுக்கா. ஒவ்வொண்ணும் தன் ஓட்டையத் தானே தோண்டும். தன் பிள்ளைக்குத் தானே சோறு வச்சு மூடிட்டுச் செத்துப்போகும். பக்கத்துல பக்கத்துல குடியிருக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இல்ல."

"லைன் வீடு மாதிரி."

அவன் சிரித்தான். "இப்ப அந்தச் செவுத்துக்குள்ள அடுத்த தலைமுறை புழுவா இருக்கு. செவுர அப்படியே கட்டி கட்டியா அறுத்து எடுத்துட்டுப் போயி வளக்கப் போறோம். உங்களுக்கு வேற செவுரு கட்டித் தந்துருவோம்."

"கத்திரிப்பூவுல தேன் கிடையாது சார். அதுக தேனுக்குக் காட்டுக்குள்ளதான் போகுதுக. நான் பாக்கிறேன்ல. செவுர மட்டும் கொண்டு போனா…"

"ஆமா. அதுதான் கஷ்டம். காட்டுல மாசத்துக்கு ஒரு பூ மாறி மாறி இருக்கணும். அது எனக்கும் தெரியும். அத மேல பாத்துப்பாங்க."

"வளந்துச்சுன்னா, நாங்க?"

"அதுக்கு நாலஞ்சு வருசம் ஆகும்க்கா" என்றான். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் நின்று யோசித்தாள். நாலஞ்சு வருசம் கழித்து எல்லோரும் போவார்கள். மதினி பொங்கல் கழித்துப் போவாள். தூரத்து வெள்ளத்தைவிட வாசலில் நிற்கிற தண்ணீர்தான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"செவுர எடுத்துக்கங்க. எங்க மதினி பேரத் திரும்பச் சேக்கணும். குச்சி பிடிக்கிற வேலை வேண்டாம், காய் பொறுக்குற வேலை குடுங்க. வீடு அதே வீடு."

"செவுரு வண்டியில ஏறுற அன்னைக்கு உங்க மதினி பேரும் ஏறும். ஆனா அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கலவரமாயிரும்."

"விடல."

விடுவதற்கு யாரும் அவளோடு பேசவும் இல்லை. மதினி அவளைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். வண்டி வருகிற அன்று சொல்லிக்கொள்ளலாம், அன்றைக்கு மதினி மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் ருசியும் இருந்தது.

போகியன்று வண்டி. மித்திரன் அதற்குள் இன்னொரு உபகாரமும் செய்தான்: சுவரை அறுக்கும்போது தூசி பறக்கும், மாயக்கண்ணன் நெஞ்சுக்கு ஆகாது என்று கம்பெனி வேனிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தான். விடியவும் புருசனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். லைனில் பெண்கள் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வெள்ளை டிரம்மைத் திறந்து வைத்திருந்தார்கள். பழைய பாயும் விளக்குமாறும் எரிந்த புகையில் வேன் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்து அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. ரம்பமும் தார்ப்பாயும் இறக்கி வைத்திருந்தார்கள். மித்திரன் பின்சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

அடியிலிருந்து கூரைவரை கனமான செம்மண் பூச்சு, அதற்கு மேல் இரண்டு கை வெள்ளை. ஈரம் காயவில்லை. ஒரு துளை இல்லை. சுவருக்குக் கீழே பாண்டிச்செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வெள்ளை.

"யாரு பூசச் சொன்னது?" என்றான் மித்திரன். முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது.

"பொங்கலுக்குச் செவுரு பூசக்கூடாதா சார்? நாத்தனா வீட்டுச் செவுரு. அவளுக்குக் கை ஆகாது, நான் பூசினேன். என் வீடு எப்பிடியும் எனக்கில்ல, அதுக்குப் பூசி என்ன பண்ண?"

ஆட்களில் ஒருவன் ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்தான். உள்ளே மண்ணில் சிறிய சிறிய அறைகள். அறைக்கு ஒரு புழு. வெள்ளை ஊறி இறங்கியிருந்தது. புழு நனைந்து, சுருண்டு கிடந்தது. இன்னொரு கட்டியை உடைத்தான். அதே. வெளியே போயிருந்த சில ஈக்கள் திரும்பி வந்து, வாசல் இருந்த இடத்தில் மோதி மோதி, வெள்ளை ஒட்டி, கீழே விழுந்து முதுகால் சுற்றின.

மாயக்கண்ணன் வேனிலிருந்து இறங்கி வந்து சுவரில் காதை வைத்தான். எடுத்தான். கன்னத்தில் வெள்ளை.

"நான் வளையம் அடிச்சு அடிச்சு இவ்வளவு சுத்தமா முடிக்கல" என்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மித்திரன் வண்டியைப் பார்க்க நடந்தான். நாகஜோதி பின்னால் போனாள்.

"சார், எங்க மதினி பேரு…"

"செவுரு எங்கக்கா இருக்கு?"

"இந்த வெள்ள நீங்க குடுத்ததுதான சார். ஒங்க டிரம்முதான."

அவன் ஆட்கள் பக்கம் திரும்பினான். ரம்பத்தை ஏற்றச் சொன்னான்.

"அப்ப அந்தக் கணக்கையாவது இறக்குங்க. இனி ஈயும் இல்ல."

"ஏறுன கணக்கு இறங்காதுக்கா. இறங்குற மாதிரி அந்த மிசினச் செய்யல." ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது சொன்னான்: "உங்க உறுமியப் போடுங்க. நாளையிலிருந்து எண்ணும்."

அவள் திரும்பி வந்தாள். பாண்டிச்செல்வி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி படுக்கை கட்டி வாசலில் வைத்திருந்தாள். பொங்கல்வரைகூட இருக்கப்போவதில்லை போலிருந்தது.

"தெரிஞ்சுதான் பூசினேன்" என்றாள். "கோவத்துல பூசினேன்னு நினைக்காத. மொதல்ல கோவம்தான். பூசப் பூச அது போயிருச்சு. நாலு பூச்சிக்காக லைன்ல இருக்கவ அத்தன பேரு கையும் போகணுமா? பூச்சி இல்லேன்னா ஒனக்கும் எங்க மாதிரிதான் காய்க்கும். அப்ப கணக்க இறக்கித்தான ஆகணும். என் கை போச்சு. மத்தவளுக கையாச்சும் இருக்கட்டும்."

நாகஜோதி உடைந்து கிடந்த கட்டியைக் காலால் ஓரம் ஒதுக்கினாள்.

"ரம்பத்த எதுக்குத் தூக்கிட்டு வந்தானுக?"

"செவுரு எப்பிடி இருக்குன்னு பாக்க வந்தாக."

"கிறுக்குப் பயலுக." பாண்டிச்செல்வி எழுந்தாள். "அந்தப் பய கணக்க இறக்குறேன்னானா?"

மதினியின் மூஞ்சியை அவள் பார்த்தாள். கண்ணிமையில்கூட வெள்ளை தெறித்திருந்தது. கண் எரிந்து சிவந்திருந்தது. பல நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசுகிறாள்.

"இறக்குறேன்னான்."

"பாத்தியா." மதினி மூக்கை உறிஞ்சினாள். "எப்பிடி, நல்லாப் பூசியிருக்கனா? ஒத்தக் கையி. அடிக்கடி நிக்க வேண்டியதாப் போச்சு."

நாகஜோதி சுவரைப் பார்த்தாள். வெயில் சாய்ந்து விழுந்ததில் பூச்சின் மேல் விரல் தடம் அத்தனையும் தெரிந்தது. ஒரு தடமும் நேராக இல்லை. நாலு விரலும் இழுத்த இடமெல்லாம் அலை அலையாக, விடாமல், சுவர் நெடுக ஓடியிருந்தது. கை போன பெண்டுகள் எல்லோருக்கும் அதே அலைதான். அதில் ஒரு தடத்தில் தன் விரல்களை வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

"நல்லாப் பூசியிருக்க மதினி" என்றாள்.

பாண்டிச்செல்வி படுக்கையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். இவள் ஏற்றிவிட்டாள்.